ஓரத்துப் பென்சில் எண்

அந்த வருடம் உரிமத் தேர்வில் எங்கள் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து பதினோரு பேர் தோற்றார்கள். பதினோரு பேரில் ஏழு பேர் என் மனைவியின் பிரிவு.

1996, மே மாதம், டொலீடோ. கல்லூரி கிளினிக்கில் கருவி ஜன்னல் என்னுடையது. காலையில் மாணவர்களுக்குக் கருவித் தட்டும் கையுறையும் எடுத்துக் கொடுப்பேன். மதியத்துக்கு மேல் அன்றைய கிரேடு அட்டைகளைக் கணினியில் ஏற்றுவேன். ஈலோனா நாலாம் பிரிவின் ஆசிரியை. பன்னிரண்டு மாணவர்கள், பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றில் வந்து படுப்பவர்கள் பாதிக் கட்டணத்துக்குப் பல் பார்த்துக்கொள்ள வரும் ஊர்க்காரர்கள்.

கிளினிக்கில் மாணவர் சொத்தையை வெட்டி எடுத்ததும் ஆசிரியர் வந்து பார்ப்பார், அட்டையில் மையால் ஏ, பி, சி என்று போடுவார். உரிமத் தேர்வு அப்படி அல்ல. மாணவர் தானே ஒரு நோயாளியைத் தேடிப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். வெட்டி முடித்து மாணவர் வெளியே போன பிறகுதான் தேர்வாளர்கள் மூன்று பேர் உள்ளே வருவார்கள். மூவரும் வெளி மாநிலத்தவர்கள். யார் வெட்டியது, கிளினிக்கில் என்ன கிரேடு வாங்கியவர் என்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. வாயைத்தான் பார்ப்பார்கள்.

தோற்றவர்களில் கலீன் மக்ரூடரும் இருந்தாள். கிளினிக் கிரேடில் வகுப்பிலேயே முதல் ஆள், இரண்டு வருடமும் ஏ. தேர்வில் சொத்தைக்குப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லைக் கீறிவிட்டாள். கீறினால் உடனே தோல்விதான், அதற்கு மேல் தேர்வாளர்கள் எதையும் பார்ப்பதில்லை. அவளுடைய சொந்த ஊரில் ஒரு வயதான பல் டாக்டர் தன் கிளினிக்கை அவளிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். செப்டம்பர் முதல் வாரம் வரைதான் பொறுப்பாராம். மறுதேர்வு ஆகஸ்ட் பதினேழு.

முடிவு வந்த மூன்றாம் நாள் துணை டீன் லெஃப்ளர் என்னைக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்து, கிளிஃப். நம்ம கிரேடு என்ன சொல்லுது, தேர்வு என்ன சொல்லுது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடு. அஞ்சு பிரிவுக்கும்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"இந்த வருஷம் போதும். வீட்ல இதைப் பத்திப் பேச வேண்டாம்."

"ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"அட்டை ஏத்தறவன் நீ. வேற ஆளைக் கேட்டா சாயந்தரத்துக்குள்ள ஊரே பேசும்." பேனாவை மூடினார், திறந்தார். "நாலாம் பிரிவுல கிரேடு பழுத்துத் தொங்குதாம், யார் வேணா பறிச்சுக்கலாமாம். நான் சொல்லல. சொல்றாங்க."

யார் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. என் மனைவியைப் பற்றிய கணக்கை என்னிடமே கேட்கிறார் என்றால், கணக்கு அவருக்கு ஏற்கெனவே தெரியும், நான் மறைக்கிறேனா என்றுதான் பார்க்கிறார் என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அட்டைகள் ஒரு பழைய காலணிப் பெட்டியில் கிடந்தன. மற்ற நாலு பிரிவுகளில் ஏ வாங்கியவர்கள் பெரும்பாலும் தேறியிருந்தார்கள், சி வாங்கியவர்கள் தடுமாறியிருந்தார்கள். நாலாம் பிரிவில் மட்டும் பன்னிரண்டு பேருக்கும் ஏ அல்லது பி, அதில் ஏழு பேர் தோல்வி. அங்கே கிரேடைப் பார்ப்பதற்குப் பதில் காசைச் சுண்டிப் போட்டிருக்கலாம்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். நாலாம் பிரிவு அட்டைகளின் கீழ் வலது ஓரத்தில், எறும்பு அளவுக்கு, பென்சிலில் ஓர் எண். எத்தனையோ முறை அந்த அட்டைகளைப் புரட்டியிருக்கிறேன். மையில் இருப்பதை ஏற்றுவதுதான் என் வேலை என்பதால் கண்ணில் பட்டதே இல்லை. கலீனின் அட்டைகளில் ஒன்று, ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. தோற்ற ஏழு பேருக்கும் அநேகமாக ஒன்று, இரண்டுதான். தேறிய ஐந்து பேருக்கு நாலும் ஐந்தும்.

ஒன்று என்றால் முதல். ஈலோனா தன் செல்லப்பிள்ளைகளுக்கு ஓரத்தில் வரிசை போட்டு வைத்திருக்கிறாள். செல்லம் என்பதால் மையில் ஏ. வெளியாள் பார்த்ததும் சாயம் வெளுத்துவிட்டது. பெட்டியை மூடினேன்.

கருவிகளை வேகவைத்துக் கிருமி நீக்கும் அறையில் அங்கே வேலை பார்க்கும் பெர்னடீன் இருந்தாள். அவளிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"நாலாம் பிரிவுப் பசங்க ஈலோனாவுக்கு ஏதாவது கொண்டு வந்து குடுப்பாங்களா?"

"போன மாசம் ஒரு பெட்டி ஏரி மீன் வந்துச்சே. எனக்கு அதுல ஒரு முள்ளாவது வந்துச்சா?"

"அது வீட்டுக்கு வந்துச்சு."

"வந்துச்சுல்ல? வறுத்துத் தின்னவரு என்கிட்ட வந்து துப்புத் துலக்கறாரு." தட்டை உள்ளே தள்ளிக் கதவை அடைத்தாள். "என்ன கிளிஃப், வீட்டம்மா மேல கேஸ் போடப் போறியா?"

அதற்குப் பிறகு பெர்னடீனையும் சந்தேகப்பட்டேன். "சொல்றாங்க" என்றாரே லெஃப்ளர், அப்படிச் சொல்கிறவர்களில் இவளும் ஒருத்தியோ?

என் ஜன்னலிலிருந்து நாலாம் பிரிவு முழுதாகத் தெரியாது. தடுப்புக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி உண்டு, அதில் கால்கள் மட்டும் தெரியும். துளையிடும் கருவி ஓடுவது கால் மிதியால். மிதிமேல் யார் கால் இருக்கிறதோ அவர்தான் வாய்க்குள் வேலை செய்கிறார். மாணவர்கள் எல்லாருக்கும் வெள்ளைக் காலணி. ஈலோனாவுக்குப் பழுப்பு.

இரண்டு வாரம் பார்த்தேன். ஒவ்வொரு மதியமும் ஏதோ ஒரு நாற்காலியருகே வெள்ளைக் காலணி எழுந்து ஒதுங்கும், பழுப்புக் காலணி வந்து உட்காரும், மிதியை அழுத்தும். ஐந்து நிமிடம், சில நாள் பதினைந்து நிமிடம். பிறகு எழுந்து போய் அட்டையில் எழுதும். கையுறையும் அதையே சொன்னது. மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி போதும். ஈலோனா மூன்று ஜோடி வாங்கிப் போவாள். கையுறைக்குள் கை நுழைய மாவு தூவியிருக்கும், போட்டதும் அது கையில் ஒட்டிக்கொள்ளும். அவள் கை சின்னது. இருப்பதிலேயே சிறிய அளவைத் தனியாக எடுத்து, ஒன்றின் வாயை இன்னொன்றுக்குள் செருகி மடித்துக் கொடுப்பேன். அவளுக்கு மட்டும்தான் அப்படி மடிப்பது.

வீட்டில் அவள் எப்போதும்போல இருந்தாள். மிளகாய்த்தூள் குழம்பில் மாவு உருண்டைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே "எட்ய், கெட்டோ, ஹாரொம்" என்று எண்ணினாள். பதினொரு வயதில் ஹங்கேரியிலிருந்து வந்தவள். பேச்செல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. எண்ணும்போது மட்டும் பழைய மொழி வரும்.

"ஏன் அப்படிப் பார்க்கற?" என்றாள்.

"பார்க்கலையே."

"உப்புக் கம்மியா?"

"சரியா இருக்கு."

"இந்த வீட்ல எதுவோ சரியா இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

ஒரு சனிக்கிழமை காலை, பொறுக்க முடியாமல், கலீனின் அட்டைகளைச் சமையலறை மேசைமேல் பரப்பினேன். வெளியே எடுத்து வரக்கூடாத அட்டைகள்.

"இது என்ன?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "அட்டை."

"ஓரத்துல?"

"பென்சில்."

"பென்சில்தான்னு எனக்கும் தெரியுது. கலீன் உனக்கு ஒண்ணாம் நம்பர். மீன் குடுத்த பையனும் ஒண்ணாம் நம்பர். ஒண்ணு போட்டவங்களுக்கெல்லாம் மையில ஏ. வெளிய போனா ஃபெயில். லெஃப்ளர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினாள்.

"இருபத்திரண்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தியிருக்க. ஒண்ணுன்னா என்னன்னு ஒரு நாள் கேட்டிருக்கியா?"

"ஒண்ணுன்னா முதல். இதுல கேக்க என்ன இருக்கு?"

"உங்க ஊர்ல. எங்க பள்ளிக்கூடத்துல அஞ்சுதான் உசத்தி. ஒண்ணுன்னா ஃபெயில். குச்சின்னு சொல்லுவோம், கொடிக்கு நட்டு வைப்பாங்களே, அந்தக் குச்சி. நான் கணக்குல ஒரு தடவை குச்சி வாங்கி எங்கம்மா ரெண்டு நாள் பேசல."

அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோற்றவர்களுக்கு ஒன்றும் இரண்டும். தேறியவர்களுக்கு நாலும் ஐந்தும். இரண்டு வாரம் அந்த எண்களைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

"மை பல்லுக்கு" என்றாள். "பென்சில் கைக்கு."

"அப்ப கைக்குப் போடறதை மையிலயே போட வேண்டியதுதானே?"

"நான் உட்கார்ந்து சரி பண்ணின பல்லு அழகா இருக்கு. அதுக்கு எப்படி சி போடறது? ஏன்னு கேப்பாங்க. நான் உட்கார்ந்தேன்னு எழுதணும்."

"உட்காராம இருக்கலாமே."

"ரென்ஃப்ரோவைத் தெரியுமில்ல, பஸ் ஓட்டறவர்? வாரத்துல ஒரே ஒரு மத்தியானம்தான் அவருக்கு லீவு. அந்த மத்தியானத்தை நம்மகிட்ட குடுத்துட்டு வாயைத் திறந்துகிட்டுப் படுத்திருக்காரு. கலீன் பக்கத்துப் பல்லை உரசப் போறா. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னு, பிள்ளை கத்துக்குது, கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னு சொல்லவா?"

பேச்சை மாற்றினேன்.

"மீன்?"

"மீன் நல்லாதான் இருந்துச்சு. நீதான தின்ன." அட்டைகளை அடுக்கி என் பக்கம் தள்ளினாள். "லெஃப்ளர் உன்னை வேவு பார்க்கச் சொன்னாரா, இல்ல நீயா பார்த்தியா?"

"அவர் கணக்குதான் கேட்டாரு."

"அப்ப மிச்சம் உன் கைவேலை" என்றாள்.

திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். பென்சில் எண்களையும் தனித் தாளில் எழுதி இணைக்கச் சொன்னவள் அவள்தான். லெஃப்ளர் இரண்டையும் நீண்ட நேரம் பார்த்தார்.

"பென்சில் மையை விட நல்லா ஜோசியம் சொல்லுதே."

"ஆமா, சார்."

"முடிவு வந்தப்புறம் உட்கார்ந்து எழுதினது இல்லன்னு நான் எப்படி நம்பறது? அட்டை பூரா உங்க வீட்டுப் பெட்டியிலதான இருந்துச்சு?"

"கல்லூரிப் பெட்டி, சார்."

"அது இருக்கற அறைச் சாவி உன்கிட்ட."

அவர் கேட்டது தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். கடைசியில் ஒரு வழி சொன்னார். தோற்ற ஏழு பேரும் கோடையில் ஆறு வாரம் மறுபடி நாலாம் பிரிவில் பயிற்சி எடுப்பார்கள். மறுதேர்வுக்கு முந்தின நாள் ஈலோனா ஏழு எண்களை எழுதி, உறையில் போட்டு ஒட்டி அவரிடம் கொடுக்க வேண்டும். முடிவு வந்ததும் உறையைப் பிரிப்பார்கள். எண்கள் பொய்த்தால் நாலாம் பிரிவின் கிரேடு எல்லாமே பரிசுப் பொருள் என்று பேராசிரியர் குழுவுக்கு எழுதுவார்.

பென்சில் எண்களைப் பற்றிக் கலீனிடம் ஈலோனா என் ஜன்னலுக்கு முன்னால் வைத்துத்தான் சொன்னாள். கலீன் உயரமான பெண், பெரிய கைகள். கேட்டு முடிக்கும்வரை தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"அப்ப என் ஏ எல்லாம் உங்க ஏவா, டாக்டர்?"

"பாதிக்கு மேல."

"எங்கப்பா அந்த மதிப்பெண் தாளைச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்காரு."

"சட்டத்துல தப்பு இல்ல. உள்ள இருக்கறதை மாத்திக்கலாம்."

கலீன் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் வரவில்லை. வந்ததும் அதே இடத்தில் நின்று கேட்டாள்: "ரெண்டு வருஷம் பொய் சொன்னீங்க. இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கிளிஃபைக் கேளு" என்றாள் ஈலோனா. "அவன் என் காலைக்கூட நம்ப மாட்டான். ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டே இருப்பான்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ.

பிறகு என்னிடம் திரும்பினாள். "இனிமே நோயாளிக்கு ஒரு ஜோடிதான். கடைசியில சரி பார்க்கறதுக்கு. ரெண்டாவது கேட்டா குடுக்காத. நானே கேட்டாலும்."

கோடை முழுவதும் பழுப்புக் காலணி நின்றுகொண்டே இருந்தது. சில நேரம் முன்னும் பின்னும் நடந்தது. ஒரு நாள் ஒரு காலால் மற்றக் காலை மிதித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அட்டைகளில் சியும் டியும் வந்தன. ஓரத்தில் இரண்டு, இரண்டு, ஒன்று. ஒரு நோயாளி தன் பல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார், திரும்பி வரவில்லை. ரென்ஃப்ரோ மட்டும் வாரா வாரம் வந்தார். "இந்தப் பொண்ணு முன்னாடி சீக்கிரம் முடிச்சிரும். இப்ப மூணு மணி நேரம் ஆகுது. படிக்கப் படிக்க மந்தமாயிட்டுதா?" என்று என்னிடம் கேட்டார். கலீனுக்கும் அது கேட்டது.

மறுதேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கடைசிப் பயிற்சி. கலீனின் நாற்காலியில் ரென்ஃப்ரோ. எக்ஸ்ரே படத்தில் தெரிந்ததைவிடச் சொத்தை ஆழமாகப் போயிருந்ததாம். மூன்று மணி சுமாருக்கு ஈலோனா ஜன்னலுக்கு வந்தாள்.

"ஒரு ஜோடி."

"அந்த நோயாளிக்குக் குடுத்தாச்சு."

"கிளிஃப்."

"குடுக்காதன்னு நீதான சொன்ன."

"நரம்புக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டா. அவருக்கு அந்தப் பல்லு போயிரும். குடு."

அவள் கண்ணைப் பார்த்தேன். பல்லுக்காகக் கேட்கிறாளா, உறைக்குள் போடப் போகும் எண்ணுக்காகக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த யோசனை வந்ததை அவள் என் முகத்தில் பார்த்திருப்பாள். மடித்த ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வேகமாகப் போனாள்.

குனிந்து தடுப்புக்குக் கீழே பார்த்தேன். பெர்னடீனின் கருவி வண்டி சரியாக அந்த இடத்தில் நின்றது. அவள் யாருடனோ கதை பேசிக்கொண்டிருந்தாள். கருவி சீறும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. யார் கால் என்று தெரியவில்லை. பன்னிரண்டு நிமிடம். வண்டி நகர்ந்தபோது மிதிமேல் வெள்ளைக் காலணி இருந்தது, பழுப்புக் காலணி பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஆனால் பன்னிரண்டு நிமிடம் பெரிய நேரம்.

அட்டை வந்தது. மையில் சி. ஓரத்தில் மூன்று. கலீனின் அட்டையில் முதல் தடவையாக மையும் பென்சிலும் சரியாக ஒன்றுக்கொன்று பொருந்தின. ஈலோனா மாலையில் உறையை ஒட்டி லெஃப்ளரிடம் கொடுத்தாள்.

முடிவு வந்தது. இரண்டு எழுதியிருந்த இருவரும் தோற்றார்கள். மூன்றும் நாலும் எழுதியிருந்த ஐந்து பேரும் தேறினார்கள். தேறுவதற்கு எழுபத்தைந்து வேண்டும், கலீனுக்கு எழுபத்தேழு. லெஃப்ளர் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஏழுக்கு ஏழு. இவ்வளவு சரியா இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றார்.

குழுவுக்கு எழுதவில்லை. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் ஈலோனாவை முதலாண்டு மாணவர்களின் பயிற்சிக்கூடத்துக்கு மாற்றினார். அங்கே பிளாஸ்டிக் பல். வெள்ளை அங்கி கிடையாது, சாம்பல் நிற மேலங்கிதான். கையுறையும் வேண்டாம். அவள் மறுப்புச் சொல்லவில்லை. "அந்தப் பல்லுக்கு லீவு நாள் கிடையாது" என்றாள். அங்கே மையிலேயே எல்லாவற்றையும் எழுதினாள், கடுமையாக. பிள்ளைகள் அவளைக் குச்சி டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அந்தக் கதையை அவளே சொல்லியிருப்பாள்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். சொன்னதை நான் நம்பியிருப்பேனா என்பதுதான் சந்தேகம். அதனால் பதின்மூன்று வருடம் கேட்காமலே விட்டேன்.

2009 மார்ச்சில் ஈலோனா போய்விட்டாள். கணையத்தில் புற்றுநோய், ஒன்பது வாரம். அடக்கத்துக்குக் கலீன் இரண்டு மணி நேரம் காரோட்டி வந்தாள். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காபியும் பாப்பி விதை ரொட்டியும் வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கா? என் பின்னாடி நின்னு என்னமோ பாஷையில எண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஒரு எண்ணுக்கு ஒரு தொடுதல், அதுக்கு மேல வேண்டாம்னு. எனக்கு ஒரு எண்ணும் புரியல. ஆனா கை நடுங்கறது நின்னுச்சு."

"கருவியை அவ வாங்கிக்கலையா?"

"இல்லையே." என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா அப்படியா நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

நான் காபியைக் கலக்கினேன். அடக்கத்துக்கு வந்தவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள். கலீனின் உரிமமும் அதில் இருக்கிறது. முழுதாக நம்பவில்லை.

மூன்று வாரம் கழித்து அலமாரியைக் காலி செய்தேன். பின்பக்கம், குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால், அவளுடைய வெள்ளை அங்கி தொங்கியது. அதை அவள் கடைசியாகப் போட்டது அந்த வெள்ளிக்கிழமை. அன்று நானே அவளிடமிருந்து வாங்கி மாட்டி வைத்ததுதான், பையைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். ஒரு பென்சில் துண்டு. அதற்குக் கீழே, ஒன்றின் வாய் மற்றொன்றுக்குள் செருகிய ஒரு ஜோடிக் கையுறை, மிகச் சிறிய அளவு. அந்தக் கோடையில் நான் கொடுத்த ஒரே இரண்டாவது ஜோடி.

ரப்பர் மஞ்சளாகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மடிப்பைப் பிரித்தபோது கிழிந்தது. விரல்களுக்குள் மாவு அப்படியே இருந்தது.